வினைல் விரிக்கும் முன்... தரையைத் தட்டிப் பாருங்கள்!

வினைல் தரை போட முடிவெடுத்துவிட்ட குடும்பம் கடைக்குப் போனால், அரை நாள் நிறத்திலேயே போய்விடும். தேக்கு வண்ணமா, சாம்பல் பூத்த ஓக் மரமா, மார்பிள் போன்றதா என்று மாதிரி அட்டைகள் கைக்குக் கை மாறும். சோபாவின் நிறம் பேசப்படும், திரைச்சீலை பேசப்படும், சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரமும் நடக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி மட்டும் எழாது: 'இதை எதன் மேல் ஒட்டப்போகிறோம்?'

கேட்காமல் விட்டதன் பலன் முதல் வாரத்தில் தெரியாது. புதுத் தரையில் கால் வைத்ததும் இதமாக இருக்கும். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாராட்டும் வாங்கியாகிவிடும். மூன்றாவது மாதம், ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழும்போது பழைய டைல்ஸின் கட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே எட்டிப்பார்க்கும். ஐப்பசி மழை வந்ததும் பாத்ரூம் சுவரை ஒட்டிய ஓரம் லேசாக உப்பும். அடுத்து ஒரு மூலை பிரிந்து, துடைப்பம் மாட்டும் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும்.

அந்த மூலைதான் கவலைக்குரியது. நம் ஊர் வீடுகளில் பலர் வினைலைத் தேடிப் போவதே வீட்டுப் பெரியவர்களுக்காகத்தான். வழவழப்பான டைல்ஸில் மாமியாரோ அப்பாவோ வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்ற பயம், மூட்டுவலிக்காரர்களுக்குத் தரையின் குளிர்ச்சி ஆகாது என்ற எண்ணம். அவர்களைக் காப்பாற்றப் போட்ட தரையே, நள்ளிரவில் பாத்ரூம் போகும்போது அவர்கள் கால் கட்டைவிரலை இடறிவிட்டால் என்ன பிரயோஜனம்?

'உடைக்க வேண்டாம்' என்ற பாதி உண்மை

"டைல்ஸை உடைக்கவே வேணாம்மா, மேலயே ஒட்டிடலாம். ரெண்டே நாள் வேலை." வினைலை விற்பதே இந்த ஒரு வரிதான். பொய் என்று சொல்ல முடியாது. தூசு இல்லாமல், சிமென்ட் மூட்டைகள் இல்லாமல், வீட்டைக் காலி செய்யாமல் தரையை மாற்றலாம் என்பது நிஜமான வசதி. ஆனால் அந்த வாக்கியத்தில் 'பழைய தரை நன்றாக இருந்தால்' என்று ஒரு பாதி சொல்லாமல் விடப்படுகிறது.

ஏன் என்றால், வினைல் மெலிசு. ரோலாக வருகிற ஷீட் பெரும்பாலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர். பசை போட்டு ஒட்டுகிற பலகைகள் 2 அல்லது 3 மில்லிமீட்டர். ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும் 'எஸ்.பி.சி.' என்கிற கெட்டியான வகை 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை. அதாவது, ஷீட்டின் கனம் ஏறத்தாழ ஒரு நாணயத்தின் கனம். சுருங்கிப்போன பாவாடைக்கு மேல் மெல்லிய பட்டுச்சேலை கட்டினால் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் அடித்தரையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் மேலே தெரியும். ஒட்டும்போது கீழே சிக்கிய ஒரு மணல் துகள்கூட மரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நாளடைவில் அந்த இடத்தில்தான் வினைல் முதலில் தேயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூடியூபில் இது பற்றிப் பார்க்கிறவர்கள் அமெரிக்க வீடியோக்களாகப் பார்த்துவிட்டுக் குழம்புகிறார்கள். அங்கே பல வீடுகளில் அடித்தரை பிளைவுட். கிறீச்சிடும் பலகைக்கு ஸ்குரூ அடிப்பது, பலகையை மாற்றுவது என்று அவர்கள் காட்டுகிற வேலைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. நம் வீடுகளில் அடித்தரை என்றால் சிமென்ட், ரெட் ஆக்சைடு, மொசைக், டைல்ஸ், இல்லாவிட்டால் கடப்பா கல். இவற்றின் நோய்கள் வேறு. முதல் நோய் ஈரம்.

ஓதம்: கண்ணுக்குத் தெரியாத எதிரி

தரைத்தளத்தில் இருக்கும் பழைய வீடுகளில் மண்ணின் ஈரம் எப்போதும் மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஓதம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பழைய சிமென்ட் தரையும் ரெட் ஆக்சைடு தரையும் இந்த ஈரத்தைத் துளித்துளியாகக் காற்றில் விட்டுவிடும். அதனால்தான் பல வருஷங்களாக ஓதம் இருந்தும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். வினைல் என்பது பிளாஸ்டிக். அதை மேலே விரித்ததும் கொதிக்கிற பாத்திரத்துக்கு மூடி போட்ட கதைதான். வெளியேற வழியில்லாத ஈரம் பசையை இளக்கும், கூடவே கொண்டுவருகிற உப்பு பசையைக் கெடுக்கும், பூஞ்சை வாடை கிளம்பும். இந்தப் பக்கம் அடைபட்ட ஈரம் ஓரங்களில் சுவரைப் பிடித்து ஏறுவதும் உண்டு. 'வினைல் போட்ட பிறகுதான் சுவரில் பெயின்ட் உரிகிறது' என்று புகார் சொல்பவர்கள் சுவரைத்தான் பழுது பார்ப்பார்கள். காரணம் காலுக்குக் கீழே இருக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட் ஒன்றை வெட்டி, தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விட வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஹாலின் நடுவில் மட்டும் செய்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது. வெளிச்சுவரை ஒட்டி ஒன்று, பாத்ரூம் சுவரை ஒட்டி ஒன்று, சமையலறை ஸிங்க் பக்கம் ஒன்று என்று மூன்று நான்கு இடங்களில் வேண்டும். தரை துடைத்த அன்றும், வெயில் நேராக விழும் இடத்திலும் செய்தால் முடிவு ஏமாற்றும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. சித்திரை வெயிலில் பாஸாகிற தரை கார்த்திகை மழையில் ஃபெயிலாகலாம். ஆகவே, சோதனை என்ன சொன்னாலும் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், பெயின்ட் பொருக்குத் தட்டியிருந்தால், ஷீட்டைவிடச் சுவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பீரோவை ஒருமுறை நகர்த்தி அதன் பின்பக்கம் பார்ப்பது எந்தக் கருவியையும்விட நல்ல சோதனை.

ஈரம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். பாத்ரூம் குழாய்க் கசிவு, சுவரை ஒட்டித் தேங்கும் மழைநீர், வருடாவருடம் ரோடு போட்டுப் போட்டு வாசல் உயர்ந்து, வீடு பள்ளமாகிப் போனது... இவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் அதைச் சரிசெய்து, தரையை உலரவிட்டு, மறுபடி சோதிக்கலாம். மண்ணிலிருந்தே ஏறுகிற ஓதம் என்றால் எபாக்சி வகை ஈரத்தடுப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். தரையைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொன்ன கனத்தில், ஓர் ஊசிமுனை இடம்கூட விடாமல் பூச வேண்டிய வேலை அது. அனுபவம் இல்லாதவர் கையில் கொடுத்தால் பணமும் போகும், பூச்சும் போகும்.

வினைல் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு நல்ல முடிவுதான். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோ, கண்ணாடி போல் மின்னும் பழைய ரெட் ஆக்சைடு தரையோ இருக்கிறவர்கள் அதன் மேல் பசை தடவுவதற்கு முன் பத்து முறை யோசிக்கலாம். பசை ஏறிய ஆத்தங்குடிக் கல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. வழுக்கல்தான் கவலை என்றால், படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு கைப்பிடியும் இரவு விளக்கும் வைப்பது, ஓதம் ஏறும் தரையில் வினைல் ஒட்டுவதைவிடப் பாதுகாப்பு.

புது வீட்டுக்காரர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். உண்மையில் அவர்களுக்குத்தான் அவசரம் அதிகம், ஆபத்தும் அதிகம். "கான்கிரீட் போட்டு 28 நாள் ஆச்சு சார், காஞ்சிருச்சு" என்று சொல்வார்கள். 28 நாள் என்பது கான்கிரீட் பலம் பெறுவதற்கான கணக்கு. உலர்வதற்கான கணக்கு வேறு. சிமென்ட் தளம் முதல் 50 மில்லிமீட்டர் கனம் வரை, நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் உலரும் என்பது கட்டுமானத் துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அதற்கு மேற்பட்ட கனத்துக்கு இன்னும் மெதுவாகத்தான் உலரும். ஆக, இரண்டு அங்குலத் தளத்துக்கே ஏழு வாரம். அதுவும் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதை நிறுத்திய நாளிலிருந்து எண்ண வேண்டும். நடுவில் மழைக்காலம் வந்தால் இந்தக் கணக்கும் தப்பும். கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டுத் தரையை அவசரப்படுத்தினால் தரை கேட்காது.

மாடி வீடுகளில் மண் ஈரம் ஏறாது. அங்கே சந்தேகிக்க வேண்டியது பாத்ரூமையும் பால்கனியையும் ஒட்டிய நான்கைந்து அடியை மட்டும்.

சப்பாத்திக் கட்டையால் ஒரு பரிசோதனை

டைல்ஸ் மேல் வினைல் போடுவதாக இருந்தால், சமையலறையிலிருந்து ஒரு சப்பாத்திக் கட்டையை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாக லேசாகத் தட்டிக்கொண்டே போகலாம். கெட்டியான டைல்ஸ் 'டொக்' என்று அடங்கிய ஓசை தரும். அடியில் கலவை விட்டுப்போன டைல்ஸ் பானையைத் தட்டியது போல் வெற்றொலி தரும். அப்படிப்பட்டவற்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒன்றிரண்டு என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து, சிமென்ட் கலவையால் நிரப்பி மட்டமாக்கிவிடலாம். அறை முழுக்கப் பானைச் சத்தம் கேட்டால், கசப்பாக இருந்தாலும், 'உடைக்கவே வேண்டாம்' என்ற வாக்குறுதியை மறந்துவிட வேண்டியதுதான். ஆடுகிற டைல்ஸ் மேல் ஒட்டிய வினைலும் ஆடும்.

பென்சில் என்று சொன்னது சும்மா இல்லை. மார்க்கர் பேனா, பால்பாயின்ட் பேனா, கிரேயான் இவற்றால் தரையில் குறித்தால், அந்த மை வினைலுக்குள் மெல்ல மெல்ல ஊடுருவி சில மாதங்களில் மேலே கறையாகத் தெரியும். துடைத்தால் போகாது. பழைய தார்ப் பசையும் அப்படித்தான். அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளும் வினைலில் மஞ்சள் கறை ஏற்றும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

பூஜை அறைக்குத் தனிக் கவனம் வேண்டும். தினம் கோலம் போட முடியாதே என்று பல வீடுகளில் எனாமல் பெயின்டில் நிரந்தரக் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். அதன் மேலேயே பசை தடவினால் பசை பிடிப்பது பெயின்டைத்தானே தவிரத் தரையை அல்ல. பெயின்ட் எப்போது உரிகிறதோ அப்போது வினைலும் சேர்ந்து கிளம்பும். கோலத்தைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அங்கேயே வருடக்கணக்காகச் சொட்டிய விளக்கெண்ணெயும், அடுப்படியில் தாளித்துத் தெறித்த எண்ணெயும் சிமென்டுக்குள் ஊறியிருக்கும். எண்ணெய்ப் பசை நீக்கும் திரவம் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, உலரவிட வேண்டும். சோப்புப் பசை மிச்சம் இருந்தால் அதுவும் எண்ணெய்க்குச் சமம்தான்.

மொசைக் தரைக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மொசைக்கை இழைத்து, ஆக்ஸாலிக் அமிலம் போட்டு, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம். அந்தப் பளபளப்பே பசைக்கு எதிரி. பிடிமானம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கை தண்ணீரைத் தெளித்தால் போதும். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. சிமென்ட் தரையில் தண்ணீர் சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் பசை பிடிக்கும். உருண்டு நிற்கிற தரையை மெஷின் வைத்துத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்கு ஏற்ற பிரைமர் அடித்த பிறகுதான் மற்ற வேலை.

சாய்வு பரவாயில்லை, மேடு கூடாது

தரை மட்டமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வினைலுக்கு வேண்டியது ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கிற மட்டம் அல்ல, சமதளம். ஒரு பக்கமாகச் சீராகச் சாய்ந்திருக்கிற தரையில்கூட வினைல் அழகாகப் படியும். அலை அலையாக இருக்கிற தரையில் படியாது. இந்த வித்தியாசம் புரிந்தால் தேவையில்லாமல் ஹால் முழுவதும் கலவை கொட்டி உயர்த்துகிற செலவு மிச்சமாகும்.

பார்ப்பதும் சுலபம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சந்துக்குள் நாணய அடுக்கு தாராளமாக நுழைந்தால் அது பள்ளம். சட்டம் சீசா மாதிரி ஆடினால் நடுவில் மேடு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தால், பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் எல்லாம் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

மேட்டை முதலில் குறைக்க வேண்டும், பிறகுதான் பள்ளத்தை நிரப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் மேட்டுக்குத் தகுந்தபடி வீடு முழுவதையும் உயர்த்துகிற வேலையாகிவிடும். கிரைண்டிங் மெஷினில் சிமென்டைத் தேய்க்கும்போது கிளம்பும் பொடியில் சிலிக்கா துகள்கள் இருக்கும். அது நுரையீரலில் தங்கி நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேய்க்கிறவரைப் பார்த்தால் ஒரு என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அந்த வேலையைத் தினமும் செய்கிறவர் அவர்தான். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது.

அலுவலகமாக இருந்த பழைய கட்டடம், பழைய குவார்ட்டர்ஸ் போன்றவற்றில் ஒன்பது அங்குலச் சதுரத்தில் கெட்டியான பழைய வினைல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து வினைல் டைல்ஸ் செய்தார்கள். அதற்கென்றே ஐ.எஸ். 3461 என்று ஓர் இந்தியத் தர நிர்ணயமும் இருந்தது. உறுதியாக ஒட்டியிருந்தால் அதை அப்படியே விட்டு மேலே மூடுவதுதான் பாதுகாப்பு. நொறுங்கியிருந்தால், விவரம் தெரிந்த நிபுணரைக் கூப்பிடாமல் கை வைக்க வேண்டாம்.

என்னத்தை வைத்து நிரப்புவது?

இங்கேதான் வேலை பெரும்பாலும் கெட்டுப்போகிறது. கையில் இருக்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்துப் பள்ளத்தில் அப்பிவிட்டு, அரை மணியில் காய்ந்ததும் மேலே ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பார்க்க வழவழவென்று இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் அது இளகி மாவாகும். நாற்காலிக் கால் அழுத்தினால் உள்ளே நொறுங்கும். சுவருக்குப் பூசுகிற பட்டியும் அப்படித்தான், அது ஆள் நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வொயிட் சிமென்ட்டைத் தனியாகக் குழைத்து நிரப்பினால் காயும்போது சுருங்கி விரிசல் விடும்.

டைல்ஸ் இடுக்குகளுக்கும் சின்னப் பள்ளங்களுக்கும், தரைக்கென்றே சிமென்ட்டும் பாலிமரும் கலந்து வருகிற நிரப்பிதான் சரி. ஷீட்டும் ஒட்டு வகைப் பலகையும் போடுகிறவர்கள் இடுக்குகளை மூடியே ஆக வேண்டும். எஸ்.பி.சி. வகை கெட்டியானது என்பதால் குறுகிய இடுக்குகளைத் தாண்டி நிற்கும். எவ்வளவு அகலம் வரை என்பதை அந்தந்தக் கம்பெனியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறை முழுவதும் அலையாக இருந்தால் 'செல்ஃப் லெவலிங்' கலவை. தோசை மாவு பதத்தில் ஊற்றினால் தானாகவே பரவி நிற்கிற பொருள். மேஜிக் மாதிரி இருக்கும், மேஜிக் இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோ பிடிக்கும். பத்துக்குப் பத்து அறை என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 25 கிலோ மூட்டை இரண்டு. ஐந்து மூட்டை பில்லில் இருந்தால் ஏன் என்று கேட்கலாம். அரை மூட்டைதான் வந்திருக்கிறது என்றாலும் கேட்கலாம்.

பிரைமர் அடிக்காமல் ஊற்றினால் வறண்ட சிமென்ட் தரை கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். கலவை பரவாமல் நிற்கும், குமிழ் குமிழாக ஓட்டை விழும். தண்ணீர் அளவு மூட்டையில் எழுதியிருப்பதுதான். "கொஞ்சம் தண்ணி சேர்த்தா நல்லா ஓடும்ணே" என்று உதவியாளர் சொல்வார். ஓடத்தான் செய்யும். காய்ந்த பிறகு மேல்பரப்பு மாவாக உதிரும். ஆணியால் லேசாகக் கீறினாலே பொடி வருகிற தரையில் எந்தப் பசையும் நிற்காது. குழைக்க ஒருவர், ஊற்றிப் பரப்ப ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். முதல் வாளி இறுகுவதற்குள் அடுத்த வாளி அதோடு கலக்க வேண்டும். தூர மூலையில் ஆரம்பித்துக் கதவை நோக்கி வர வேண்டும். வாசலுக்குக் குறுக்கே பலகை வைத்து அடைக்கவில்லை என்றால் கலவை பக்கத்து அறைக்கும் போகும், தண்ணீர் போகிற வாய்க்குள்ளும் போகும். வாட்டம் விட்டுக் கட்டிய பால்கனியில் இதை ஊற்றவே கூடாது. மழைத்தண்ணீர் பிறகு வீட்டுக்குள்தான் வரும்.

ஊற்றி முடித்ததும் நம் வீடுகளில் உடனே நடப்பது ஒன்று உண்டு. சீக்கிரம் காயட்டும் என்று சீலிங் ஃபேனை ஐந்தில் வைப்பார்கள். வேண்டாம். மேலே மட்டும் வேகமாகக் காய்ந்து, தோல் மாதிரி ஏடு கட்டி விரிசல் விழும். ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வெயில் படாமல் விட வேண்டும். சில மணி நேரத்தில் நடக்கலாம். ஆனால் வினைல் ஒட்டுவதற்குக் குறைந்தது ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். கனம் அதிகமானால் இன்னும் அதிகம். மூட்டையில் எழுதியிருக்கிற நேரம் வறண்ட காற்றுக்கானது. கடலோர ஊர்களில் அதற்கு மேலேயும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். மார்கழிக்குப் பிறகு, மழை ஓய்ந்த மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்கிறவர்களுக்குப் பாதித் தலைவலி குறையும்.

கதவு, நிலை, பில்

கலவையும் வினைலும் சேர்ந்து தரை 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை உயரும். உள்பக்கம் திறக்கிற கதவுகள் உரசும். ஆசாரியை முதலிலேயே கூப்பிட்டுக் கதவின் அடியைச் சீவிவிட்டால், புதுத் தரையில் வட்டமாகக் கீறல் விழாது. ஓர் அறைக்கு மட்டும் போடுகிறவர்கள் வாசலில் ஏற்படும் அந்தச் சின்னப் படியை மறந்துவிடுகிறார்கள். சரிவான ஓரப்பட்டை போட்டு அதை மூட வேண்டும். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற பெரியவர்களுக்கும், வாக்கர் வைத்திருப்பவர்களுக்கும் அரை அங்குலப் படி மலைக்குச் சமம். எஸ்.பி.சி. வகைக்குச் சுவர் ஓரம் விரிவதற்கான இடைவெளி விட வேண்டும் என்பதால், ஸ்கர்ட்டிங் கழற்றும் வேலையையும் தரை வேலையோடு பேசி முடித்துவிட வேண்டும்.

பில்லில் 'தரை சீரமைப்பு' தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு' என்று மொத்தமாகச் சொன்னால், அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான். எந்தப் பொருளை வைத்து நிரப்புவார்கள், எத்தனை நாள் உலரவிடுவார்கள், ஈரம் சோதித்தார்களா என்ற மூன்றையும் எழுதி வாங்குவது பின்னால் உதவும். பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்ட்டி, அடித்தரைக் குறையால் வருகிற கோளாறுகளை ஏற்காது. நியாயம் கேட்டுப் போனால் கடைக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி ஒட்டியவரைக் காட்டும், ஒட்டியவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே வினைல் பெட்டிகளை அந்த அறைக்குள் கொண்டுவந்து படுக்கவைக்க வேண்டும். ரோல் என்றால் முந்தைய நாளே பிரித்து விரித்துவிட வேண்டும், சுருட்டிய மடிப்பு தளர்வதற்கு. ஒட்டும் அன்று காலை துடைப்பத்தால் பெருக்கினால் போதாது, பெருக்கியது திரும்பவும் படியும். வாக்குவம் கிளீனர் வைத்து மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சி, கறுப்புத் துணியால் ஓர் இடத்தைத் துடைத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பசை போட்டு ஒட்டும் வகைக்கே போகாமல் இருப்பது நல்லது. காலி செய்யும்போது பசைக் கறையைக் காட்டி அட்வான்ஸில் பிடிப்பார்கள். மாட்டுகிற வகை அல்லது சும்மா விரிக்கிற வகை போதும். அதற்கும் தட்டிப் பார்ப்பதும், ஈரம் பார்ப்பதும், மேடு குறைப்பதும் உண்டு. ஆனால் வீட்டுக்காரரின் தரையைத் தேய்க்கவோ, கலவை ஊற்றவோ அவர் அனுமதி எழுத்தில் வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன், காலித் தரையைத் தேதியோடு நான்கு மூலையிலும் ஃபோட்டோ எடுத்து அவருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள்.